அயனிமரத்தடிக் கலயங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் குமாரதாஸ் வீட்டு அயனிமரத்தடியில் நான்கு கலயங்கள் வந்து உட்கார்ந்துவிடும். கொண்டு வைக்கிறவர்கள் அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. செருமிக்கொண்டு வருவார்கள். காற்று மாறியதைப் பற்றியோ சாளை மீன் வரத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசுவார்கள். போகும்போது கலயம் மட்டும் மரத்தடியில் இருக்கும். உள்ளே, இறக்கும் பதநீர் புளிக்காமலிருக்கப் புதிதாகக் கரைத்த சுண்ணாம்பு.

கழுத்துக் கயிற்றைப் பார்த்தே எது யாருடையது என்று சொல்லிவிடலாம். செல்வதாசுடையதில் பனைநார். தேவகுமாருடையதில் பழைய சேலைக் கரை. ஜெபகனி என்ற விதவை தன் மகன்களுக்காக வைப்பதில் இரண்டு முடிச்சு. ராஜையனுடையது தும்புக் கயிறு, அடியில் விரிசலுக்குக் கீல் பூசியது. எப்போதும் முதலில் வருவது அதுதான்.

பனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பாளையைத் தினமும் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் சீவிய முகம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை சீவினாலும் அக்கானி என்ற பதநீர் சொட்ட நாளாகும். ஆனால் கல்லடிவிளை சபையில் ஓய்வுநாளில் பனையேறுகிறவனுக்குத் திருவிருந்து கிடையாது. மிஷன் வந்த நாளிலிருந்து அதுதான் சட்டம். மயிலாடிக்கு வடக்கே, செம்மண் மேட்டில், நெல்வயலும் இல்லாமல் கடலும் இல்லாமல் பனையை மட்டும் நம்பிக் கிடந்த அந்த ஊரில் பனையேறும் வீடுகள் ஐந்து. அவற்றில் நான்கு வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போனார்கள். ஐந்தாவது வீட்டுக்காரனான குமாரதாஸ் போவதில்லை. மற்ற நான்கு வீட்டுப் பனைகளிலும் அன்று ஏறுகிறவன் அவன்தான்.

நாகர்கோவிலில் சுயமரியாதைக்காரர் கூட்டத்தில் பேச்சுக் கேட்டுத்தான் அவன் கெட்டுப்போனான் என்று சொல்வார்கள். அது சரியில்லை. அதற்கு முன்னமே நின்றுவிட்டான். ஒரு நாள் ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியபோது அவனுக்கு மட்டும் மூடத் தோன்றவில்லை. சுற்றிலும் பார்த்தான். மூடிய கண்களுக்கு நடுவே தான் ஒருவன் மட்டும் தனியாக நிற்பதுபோல இருந்தது. அடுத்த வாரம் அவன் போகவில்லை. யாரோடும் சண்டையும் போடவில்லை.

"நாளுக்கு நாப்பது பனை ஏறுகேன்" என்பான். "உங்க எல்லாரையும்விட வானத்துக்குக் கிட்ட போறவன் நானாக்கும். இதுவரைக்கும் ஒருத்தரையும் காணல்ல."

"நீ ஏறுகத பாத்து அவரு இன்னும் மேல போயிருப்பாரு மக்கா" என்பான் ராஜையன். எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பிலேதான் அந்த ஊர் பல வருஷம் ஓடியது. பழைய போதகரும் தெரிந்தும் தெரியாதவராக இருந்தார். ஞாயிறு விடியலில் பனையுச்சியில் ஆள் தெரிந்தால், "எனக்குத் தூரப் பார்வை மங்கிப்போச்சு" என்று திரும்பி நடப்பார்.

ஏறிய கூலியாக ஞாயிற்றுக்கிழமை அக்கானி முழுவதும் குமாரதாசுக்கு. அதை அவனே கருப்பட்டியாகக் காய்ச்ச வேண்டும். அவன் மனைவி நேசம்மாள் ஓய்வுநாள் என்பதால் அன்று அடுப்படிப் பக்கம் வரமாட்டாள். அவன் காய்ந்த ஓலையை உந்திவிட்டுக்கொண்டு, துடுப்பால் கிளறிக்கொண்டு, வியர்வை ஒழுக உட்கார்ந்திருப்பான். கோயில் விட்டு வருகிறவள் வேலியருகே நின்று கேட்பாள்.

"கூழ்ப்பதம் வந்துதா?"

"வந்துட்டு. உனக்க கர்த்தரு இன்னிக்கு தாராளமாட்டு தந்திருக்காரு."

"பரிகாசம் பண்ணாண்டாம்."

"பரிகாசம் இல்லட்டீ. பிரசங்கம் என்னது இன்னிக்கு?"

அவள் சொல்வாள். வசனம் முதலாக ஒன்றும் விடாமல் சொல்வாள். அவன் கிளறிக்கொண்டே கேட்பான். நல்ல கதை என்றால் "கொள்ளாமே" என்பான். அந்தக் கருப்பட்டியை அவள் தனி ஓலைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைப்பாள். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது. அறுப்புப் பண்டிகைக்கு அது அப்படியே கோயிலுக்குப் போகும். கோயில் விருந்தான அசனத்தன்று பாயசமாக ஊர் முழுக்க அதைக் குடிக்கும். கோயில் சுவருக்கு மயிலாடியிலிருந்து கல் சுமந்தவர்களில் நேசம்மாளின் அப்பாவும் ஒருவர். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள், அவளுக்குப் பண்டிகை மாதிரி. முந்தின நாளே சேலைக்குக் கஞ்சி போட்டு உலர்த்துவாள். அன்று அவள் முகம் கழுவித் துடைத்த விளக்குபோல இருக்கும் என்று குமாரதாசே சொல்வான்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு தை மாதம் புதுப் போதகர் ஜான்ரோஸ் வந்தார். இளைஞர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அம்மை போட்ட வீட்டுக்குள்ளும் தயங்காமல் போய் ஜெபம் பண்ணினார். ஆனால் அவருக்குத் தூரப் பார்வை நன்றாக இருந்தது. வந்த சில வாரங்களிலேயே, ஞாயிறு விடியலில் ராஜையனின் பனைவிளையில் ஆள் ஏறுவதைப் பார்த்துவிட்டார். ராஜையன் அப்போதுதான் சபையில் திருவிருந்து பரிமாறும் டீக்கனாகியிருந்தான். அவனையே கூப்பிட்டுக் கேட்டார்.

"உம்ம பனையில ஓய்வுநாள்ல ஏறுகது யாரு?"

"குமாரதாஸ், அய்யா."

"உமக்குத் தெரிஞ்சா ஏறுகான்?"

ராஜையன் தலையைச் சொறிந்தான். "அவன் சபைக்கு வெளிய உள்ளவன் அய்யா. நாம சொன்னா கேக்கவா போறான்?"

மாசி மாதத்து முதல் ஞாயிறு. வெயில் ஏறுவதற்கு முன்பே மண் சுட்டது. நேசம்மாள் பெண்கள் பக்கத்துப் பாயில் தன் வழக்கமான இடத்தில், ராஜையன் மனைவி தேவகனிக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். அப்பத் தட்டை ராஜையன் கொண்டுவந்தான். வரிசையில் ஒவ்வொருவராகக் குனிந்து நீட்டினான். தேவகனி எடுத்தாள். நேசம்மாள் கையை நீட்டினாள். தட்டு நிற்கவில்லை. அவள் கைக்கு மேலாகவே கடந்து அடுத்தவளிடம் போய்விட்டது.

மறந்துவிட்டான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். நீட்டிய கையை மடக்காமல், அவன் திரும்பி வருவான் என்று காத்திருந்தாள். பாத்திரமும் அதேபோல அவளைக் கடந்து போயிற்று. தேவகனி வாயில் அப்பத்தோடு மெல்ல மாட்டாமல் தலை குனிந்திருந்தாள். அப்போதுதான் நேசம்மாளுக்குப் புரிந்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே, ராஜையனின் விளையிலிருந்து, பாளையைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன்.

அன்று வேலியருகே நின்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இன்னிக்கு இஞ்ச வந்திருக்கே?"

"எனக்குத் தரல்ல."

"என்னத்த?"

"அப்பம். எல்லாருக்கும் குடுத்து. எனக்குத் தரல்ல."

துடுப்பு நின்றது. பானையில் கூழ் அடிபிடித்து வாசனை எழும்பிய பிறகும் அவன் கிளறவில்லை. "தட்டு ஆருக்க கையில?" என்று மட்டும் கேட்டான்.

அந்தியில் ராஜையன் வீட்டுக்குப் போனான். முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைக் குழம்போடு வைத்துக்கொண்டு ராஜையன் உட்கார்ந்திருந்தான்.

"வா மக்கா, இரி. தேவகனி, குமாரதாசுக்குக் கிழங்கு எடு."

"கிழங்கு இருக்கட்டும். அவளத் தாண்டிப் போறதுக்கு உனக்குக் கை எப்பிடிலே வந்து?"

"போதகரு சொல்லிப்போட்டாரு. நான் என்ன செய்ய? 'ஓய்வுநாள் கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டுக்காரிக்கு இல்ல'ன்னு தீர்ப்பாக்கும்."

"எப்ப சொன்னாரு?"

ராஜையன் கிழங்கை உடைத்தான், தின்னவில்லை. உள்ளிருந்து தேவகனி சொன்னாள்.

"சனிக்கிழம மத்தியானமே சொன்னாரு கொழுந்தனாரே. மறைச்சு என்னத்துக்கு."

"ஏட்டி, உள்ள போ" என்றான் ராஜையன்.

"மத்தியானம் சொன்னாரு." குமாரதாஸ் மெதுவாகச் சொன்னான். "அந்திக்கு நீ வந்து அயனிமரத்தடியில கலயம் வெச்சே. கடல்காத்து அடிக்குன்னு பேசினே. நான் இன்னிக்கு உனக்க பனையில இருந்து தட்டுகேன். நீ அங்க தட்டோட அவளத் தாண்டுகே."

"பாளை காஞ்சிருமேன்னு வெச்சேன் மக்கா. வேற ஒண்ணும் மனசில இல்ல."

பல வருஷத்துக்கு முன் ராஜையன் பனையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது அந்தப் பருவம் முழுக்க அவன் பனைகளை ஏறியவன் குமாரதாஸ். அதை இருவருமே நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"எனக்குக் கோயிலும் வேண்டாம், அப்பமும் வேண்டாம். அவளுக்கு வேணும்" என்றான் குமாரதாஸ். "வெள்ளிக்கிழம சபைக் கூட்டம் உண்டுல்லா. நாங்க நாலு பேரு ஏறச் சொன்னதுனாலதான் அவன் ஏறினான்னு ஒரு வார்த்த சொல்லு. தப்புன்னா அஞ்சு வீட்டுக்கும் தப்பு. எல்லாருக்கும் சேத்துத் தண்டன குடுக்கட்டு. ஒருத்திக்கு மட்டும் வேண்டாம். இதுக்குமேல நான் கேக்கல்ல."

"சொல்லுகேன்."

"சொல்லுவியா?"

"சொல்லுகேன் மக்கா. கர்த்தர் மேல ஆணையாட்டு."

"ஆணை இடப்பிடாதுன்னு உங்க வேதத்தில இருக்குலே" என்றான் குமாரதாஸ். தேவகனி சிரித்துவிட்டாள். ராஜையனும் சிரித்தான். பிறகுதான் குமாரதாஸ் உட்கார்ந்து கிழங்கு தின்றான்.

வெள்ளிக்கிழமை அவன் கல்யாண வேட்டியை எடுத்துக் கட்டினான். நேசம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோயிலுக்குள்ள வருவியளா?"

"பின்ன, வெளிய நிண்ணா கூவ முடியும்? கடிச்சா தின்னுரப் போறாவ?"

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சுவரையும் ஜன்னலையும் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை. பெண்கள் பக்கம் நேசம்மாள் தன் இடத்தில் உட்காராமல் வாசலருகே நின்றாள்.

போதகர் மரியாதையாகவே கேட்டார். "குமாரதாஸ், ஓய்வுநாள்ல நீர் அடுத்தவன் பனையில ஏறுகது உண்டா?"

"உண்டு அய்யா."

"ஏறச் சொன்னது யாரு?"

"நாலு பேரும் இங்கதான் இருக்காவ. நீங்களே கேளுங்க."

செல்வதாஸ் எழுந்தான். "நான் சொல்லல்ல அய்யா." தேவகுமார் பாதி எழுந்து, "நானும் வாய் திறந்து சொன்னதில்ல" என்று உட்கார்ந்துவிட்டான். ஜெபகனி பெண்கள் பக்கத்திலிருந்து, "எனக்க பிள்ளைங்க அப்பிடி ஒரு வார்த்த சொல்லாது" என்றாள்.

குமாரதாசுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவன் ராஜையனையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜையன் எழுந்து மேல்துண்டைச் சரி செய்தான். ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"ஏறுன்னு நான் சொன்னதில்ல, அய்யா."

அது பொய்யில்லை. இத்தனை வருஷத்தில் நான்கு வீட்டாரில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. அதை ஏன் சொல்லாமலே இருந்தார்கள் என்பது குமாரதாசுக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. அவன் அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தான்.

"அப்ப, கலயம்?" என்றான். "சனிக்கிழம சனிக்கிழம கலயம் எதுக்கு ராஜையா?"

செல்வதாஸ்தான் சொன்னான். "அயனிமரத்து நெழலு நல்லதுல்லா. சுண்ணாம்பு காயாம இருக்கும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

போதகர் சிரிக்கவில்லை. "சொல்லாம அடுத்தவன் மரத்தில ஏறி அக்கானி எறக்கினா அதுக்குப் பேரு என்னன்னு நான் சொல்ல வேண்டாம்" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "நேசம்மாள், நீர் நல்ல விசுவாசின்னு எல்லாரும் சொல்லுகாவ. உம்ம புருஷன் செய்யிற காரியத்தில எனக்குப் பங்கில்லன்னு சபை முன்னால ஒரு வார்த்த சொல்லும். அடுத்த மாசம் உமக்குத் திருவிருந்து உண்டு."

நேசம்மாள் கூட்டத்தில் பேசியவள் அல்ல. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"பங்கு உண்டு அய்யா. பனை ஒரசி அவியளுக்க நெஞ்சில தோலுரிஞ்ச எடத்தில எண்ண போட்டுவிடுகது நானாக்கும். ஞாயிற்றுக்கிழமையும் போட்டுவிடுகேன்." மூச்சு வாங்கினாள். "அந்தக் கருப்பட்டிய நாங்க ஒரு நுள்ளு திங்கதில்ல. எல்லாம் இங்கதான் வந்துது. அசனத்துப் பாயசம் அதுலதான். நீங்க வந்த அண்ணைக்கு உங்களுக்குக் காப்பி போட்டதும் அதுலதான்."

போதகர் முகம் சிவந்தது. "சபை அறியாம உண்டது" என்றார் கடைசியில்.

"சபை அறியாதா?" என்றாள் அவள். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள். தேவகனியைப் பார்த்தாள். தேவகனி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

குமாரதாஸ் முன்னால் வந்தான்.

"அய்யா, நான் இங்க முட்டுக் குத்தினா அவளுக்கு அப்பம் குடுப்பியளா?"

"நீர் மனந்திரும்பினா..."

"மனசு திரும்பாது அய்யா. பொய் சொல்லப்பிடாது. முட்டு மடங்கும். அது போருமா?"

போதகர் போதும் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. குமாரதாஸ் வேட்டியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு ஒரு காலை மடக்கினான். தினமும் பனையைக் கட்டி ஏறிய கால். மடங்கக் கஷ்டப்பட்டது.

"எழும்புங்க." நேசம்மாள் பெண்கள் பாயை மிதித்துக்கொண்டு ஆண்கள் பக்கத்துக்கே வந்துவிட்டாள். "நம்பாம நீங்க குத்துக முட்டுக்குக் கிட்டுக அப்பம் எனக்கு எறங்காது. எழும்புங்க, வீட்டுக்குப் போவம்."

போகிற வழியில் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்று புழுதியை வாரி அடித்தது.

"வேட்டி அழுக்காகல்ல" என்றான் அவன். "அப்பிடியே மடிச்சு வெச்சிரலாம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. நேசம்மாள் அயனிமரத்தடியைப் பெருக்கிவிட்டு மீன் அலம்பப் போனாள். திரும்பி வந்தபோது கீல் பூசிய கலயம் அங்கே இருந்தது. யாரும் செருமவில்லை, காற்றைப் பற்றிப் பேசவில்லை. இருட்டுவதற்குள் மற்ற மூன்றும் வந்துவிட்டன.

குமாரதாஸ் மரத்தடியில் குந்தி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தான். நன்றாகக் கரைத்திருந்தது.

"வெச்சிருக்கான் பாத்தியா" என்றான். கோபத்தைவிட வியப்புத்தான் அதில் அதிகமாக இருந்தது. விரலில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டே, "பாளை காஞ்சு போவும் நேசம். மரம் என்ன செய்யும்?" என்றான்.

"நீங்க ஏறாண்டாம்."

"நல்ல பருவம். மாசி போனா..."

"ஏறாண்டாம்" என்றாள் அவள். "இத நான் கொண்டு குடுத்துட்டு வருகேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டாம் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். நேசம்மாள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டி, இரண்டு கையிலும் இரண்டு இரண்டாகக் கலயங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே போகவில்லை. வாசல் கற்படியில் வரிசையாக வைத்தாள். அந்தக் கல்லும் அவள் அப்பா சுமந்ததாக இருக்கலாம். படிக்குக் கீழே பூவரசு நிழலில் நின்று பாட்டை முடியும்வரை கூடவே பாடினாள். அன்று வெளியே பாளை தட்டும் சத்தம் இல்லாததால் உள்ளே பிரசங்கம் மிகத் தெளிவாகக் கேட்டது. செல்வதாஸ் இரண்டு தடவை ஜன்னலை எட்டிப் பார்த்தான் என்று பிறகு சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து வந்தவர்கள் படியில் நின்றுவிட்டார்கள். கயிறுகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்.

"யாருக்க கலயம் இது?" என்று போதகர் கேட்டார்.

தேவகனி குனிந்தாள். தும்புக் கயிற்றில் அவள் விரல் படப்போயிற்று.

"ஏட்டி, நட" என்றான் ராஜையன்.

அவள் நிமிர்ந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கலயத்தின்மேல் பட்டுவிடாமல் தாண்டி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக அப்படியே தாண்டி இறங்கிப் போனார்கள். நேசம்மாளைத் தாண்டும்போது சிலர் வேகமாக நடந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் நான்கு விளைகளிலும் ஆட்கள் மரத்திலேயே வெகுநேரம் இருந்தார்கள். தட்டுகிற சத்தம் கேட்டது. சீவுகிற சத்தம் கேட்டது. அக்கானி சொட்டவில்லை. கலயங்கள் செவ்வாய்க்கிழமைவரை படியில் கிடந்தன. சுண்ணாம்பு வெடித்துப் பாளம் பாளமாக உதிர்ந்தது. பிறகு யாரோ எடுத்துக் குப்பையில் எறிந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நேசம்மாள் வேலியோரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை கொதிக்கும் சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டு வந்தாள். அயனிமரத்தடியில் நான்கு கலயங்கள் இருந்தன.

எல்லாம் புதியவை. ஒரே சூளையில் சுட்ட ஒரே சிவப்பு. நான்கின் கழுத்திலும் ஒரே மாதிரியான புதுக் கயிறு, ஒரே மாதிரியான முடிச்சு.

குமாரதாஸ் வந்தான். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடியைத் தடவிப் பார்த்தான்.

"நேசம், இதுல ராஜையனுக்கது எதுட்டீ?"

அவள் கீரையைத் தரையில் வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. நான்கையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். புதுச் சுண்ணாம்பு வெள்ளையாக ஒழுகி அயனி வேரைச் சுற்றிக்கொண்டு ஓடியது.